தருமியின் பாட்டும் இயந்திரத்தின் எழுத்தும்

மதுரைத் தமிழ்ச் சங்கத்தில் நிகழ்ந்தனவாகத் திருவிளையாடற் புராணம் கூறும் கதைகளுள், தமிழ் மக்களின் நெஞ்சில் ஆழப் பதிந்தது தருமிக்குப் பொற்கிழி அளித்த கதையாகும். பரஞ்சோதி முனிவர் அதனை 52ஆம் படலமாக அமைத்தார். 1965ஆம் ஆண்டில் வெளிவந்த 'திருவிளையாடல்' திரைப்படம் அதனை எழுத்தறியாதார் நாவிலும் ஏற்றியது. மகளிர் கூந்தலின் மணம் இயற்கையா, செயற்கையா என்பது பாண்டியனின் ஐயம். அவ்வையத்தைத் தீர்க்கும் பாட்டுக்கு ஆயிரம் பொன் கொண்ட கிழி பரிசு. வறியவனாகிய தருமி இறைவனிடம் இரக்கின்றான். இறைவன் பாட்டொன்று எழுதித் தருகின்றான். தருமி அதனை அவையில் படிக்க, மன்னன் மகிழ்கின்றான். தருமி கிழியை அறுக்கச் செல்லும் வேளையில் நக்கீரர் தடுத்து, பாட்டில் பொருட்குற்றம் உண்டு என்கின்றார்.

வகுப்பறையில் இக்கதையைக் கூறும்போது நாம் நக்கீரரின் அஞ்சாமையையே பெரிதும் போற்றுகிறோம். அது தக்கதே. ஆயினும் இன்றைய சூழலில் நம் நோக்கு சென்று நிற்க வேண்டிய இடம் வேறொன்று. குற்றம் கூறப்பட்ட அந்நொடியில் தருமி என்ன செய்தான்? அவன் பாட்டை விளக்கவில்லை, காக்கவில்லை, குற்றத்தை ஒப்பவும் இல்லை. பாட்டு அவன் கையில் இருந்தது, அவனுள் இல்லை. ஆதலின் அவன் எழுதியவனிடமே திரும்பிச் சென்று அழுதான். எழுதியவன் புலவனாய் வந்து அவையில் நின்று நக்கீரரோடு வழக்காடினான். பாட்டுக்கு விடை சொல்ல ஆள் கிடைத்தது.

எழுத்தாளர் தம் படைப்புப் பணியில் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தலாமா என்னும் வழக்கு இன்று உலகெங்கும் நடைபெறுகின்றது. அவ்வழக்கைத் தமிழாசிரியர்களாகிய நாம் அயலார் அளவுகோல்களால் மட்டுமே அளக்க வேண்டியதில்லை. தருமி நின்ற அவையும், அவன் கையில் இருந்த பாட்டும் நமக்குப் போதிய அளவுகோலைத் தருகின்றன என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

வழக்கின் வரலாறு

இயந்திரம் கதை எழுதும் என்னும் எண்ணம் புதியதன்று. ரோல்ட் டால் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1953ஆம் ஆண்டில் வெளியிட்ட தொகுப்பில் அத்தகைய கதையொன்று உண்டு. அதில் ஒருவன் கதை புனையும் பொறியை அமைக்கின்றான். பின்னர் எழுத்தாளர் ஒவ்வொருவரையும் நாடிச் சென்று, "நீர் இனி எழுத வேண்டா, உம் பெயரை மட்டும் எமக்கு விற்றுவிடும்" என்று ஒப்பந்தம் கேட்கின்றான். பலர் கையெழுத்திடுகின்றனர். கதையின் இறுதியில், பசியால் அழும் பிள்ளைகளின் குரலைக் கேட்டபடி, கையெழுத்திடாதிருக்க மன வலிமை வேண்டுகின்றான் ஒருவன். வறுமையும் பெயரும் பரிசும் ஒன்றோடொன்று பிணையும் இடம் இது. தருமியின் நிலையும் இதுவே.

புனைவு மெய்யானது 2022 நவம்பர் 30ஆம் நாள், சாட்ஜிபிடி என்னும் செயலி பொதுமக்கள் கைக்கு வந்தபோது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில், அறிவியற் புனைகதைகளை வெளியிடும் 'கிளார்க்ஸ்வோர்ல்ட்' என்னும் அமெரிக்க இதழ், இயந்திரம் எழுதிய கதைகள் வந்து குவிந்தமையால் புதிய படைப்புகளைப் பெறுவதையே சில காலம் நிறுத்திவைத்தது. பொய்யர் பலர் வந்ததால் மெய்யான புதியவர்க்கும் கதவு அடைக்கப்பட்டது என்பதை நாம் கருத வேண்டும். அதே ஆண்டு மே 2 முதல் செப்டம்பர் 27 வரை அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர் வேலைநிறுத்தம் செய்தனர். இயந்திரத்தை எழுத்தாளராகக் கொள்ளலாகாது. அதனைப் பயன்படுத்துமாறு எழுத்தாளரை வற்புறுத்தலாகாது என்னும் விதிகள் அவர்கள் பெற்ற ஒப்பந்தத்தில் இடம்பெற்றன.

இவ்வியந்திரம் எழுதும் முறையை மாணவர்க்கு விளக்க நான் கையாளும் உவமை நம் பயிற்சி நூல்களில் உள்ளதே: 'கோடிட்ட இடத்தை நிரப்புக.' கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்துப் பயின்ற பொறி, இதுவரை வந்த சொற்களுக்குப் பின் எச்சொல் வரத்தக்கது எனக் கணித்து இடத்தை நிரப்புகின்றது. நிரப்பியதைச் சேர்த்துக்கொண்டு அடுத்த இடத்தை நிரப்புகின்றது. பெரும்பாலோர் எதனை எழுதுவரோ அதனை நோக்கியே அதன் இயல்பான சாய்வு அமையும். இதனை மனத்திற் கொண்டு எம் ஊரில் நிகழ்ந்த ஒன்றைக் காண்போம்.

சித்தியவானில் ஒரு கதை

இரண்டு ஆண்டுகளுக்கு முன் இடைநிலைப்பள்ளி மாணவர்க்கான சிறுகதைப் போட்டி ஒன்றிற்கு நடுவராய் இருந்தேன். வந்த கதைகளுள் ஒன்று தனித்து நின்றது. தோட்டத்தில் பால்மரம் சீவிப் பேரனைப் படிக்கவைத்த பாட்டியின் கதை அது. பிழையற்ற நடை; தொடக்கம், வளர்ச்சி, முடிவு ஆகியன அளவோடு அமைந்திருந்தன. முதற்பரிசு இதற்கே என எண்ணி மீண்டும் படித்தேன். அப்பொழுது ஒரு வரி என்னைத் தடுத்தது. உச்சி வெயில் தலையைச் சுட, பாட்டி மரம் சீவிக்கொண்டிருக்கின்றாள்.

சித்தியவானைச் சூழ்ந்த தோட்டங்களுள் ஒன்றில் பிறந்தவன் நான். என் தாயார் மரம் சீவியவர். விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, இருள் பிரியாத வேளையில் தம் நிரையில் நிற்பார். குளிர்ந்த பொழுதில்தான் மரம் நன்கு பால் சொரியும். வெயில் ஏற ஏறப் பால் குன்றும். உச்சி வேளையில் சீவிய மரங்களின் பாலைக் காண்டாவில் தூக்கிக்கொண்டு நிறுவைக்குச் சென்றுவிட்டிருப்பார்கள். அக்கதையில் பெரட்டும் இல்லை, நிரையும் இல்லை, கோட்டுப்பாலும் இல்லை. நாம் மங்கு என வழங்குவது அதில் 'சேகரிப்புப் பாத்திரம்' என்றிருந்தது.

அம்மாணவரை அழைத்து வினவினேன். "தம்பி, உங்கள் பாட்டி எத்தனை மணிக்குக் காட்டுக்குப் போவார்?" அவர் தலைகுனிந்து நின்றார். அவையில் தருமி நின்ற நிலையை அன்று நேரிற் கண்டேன். கடிந்துகொள்ள மனம் வரவில்லை. "பாட்டியைப் பற்றி வீட்டில் என்ன சொல்வார்கள்?" என்று மட்டும் கேட்டேன். நெடுநேரம் கழித்து அவர் சொன்னார்: "மழை பெய்தால்தான் பாட்டி வீட்டில் இருப்பாராம், ஐயா. ஆனால் அன்றைக்கு யாரோடும் பேச மாட்டாராம். அம்மா சொல்லியிருக்கிறார்."

மழை பெய்தால் மரம் சீவ இயலாது; வேலை இல்லையேல் அன்றைய கூலி இல்லை. பிள்ளைகள் தாயோடு இருக்கக் கிடைத்த ஒரே நாள், தாய் வாய் திறவாத நாளாயிற்று. ஒரு குடும்பத்தின் வாழ்க்கை முழுவதும் அவ்விரு வாக்கியங்களில் இருந்தது. அவர் எழுதி அனுப்பிய ஆறு பக்கங்களில் அவ்வாழ்வின் ஒரு துளியும் இல்லை. உலகிலேயே தமக்கு மட்டும் கிடைத்திருந்த கதையை வீட்டில் வைத்துவிட்டு, யாருக்கும் உரியதாகாத கதையை அவர் போட்டிக்குக் கொண்டுவந்திருந்தார்.

வண்டிடம் கேட்ட உண்மை

தருமி கொண்டு சென்ற பாட்டு எது? குறுந்தொகையின் இரண்டாம் பாடல். இறையனார் பெயரில் அமைந்தது. அதன் பொருளை நினைவுகூர்வோம். தலைவன் தேன் தேர்ந்துண்ணும் வண்டினை விளித்து, தலைவியின் கூந்தலைவிட மணமுள்ள பூவை அது அறிந்ததுண்டா என வினவுகின்றான். வினவுமுன் ஒரு நிபந்தனை விதிக்கின்றான். தன் மனம் மகிழும்படி முகமன் கூறலாகாது. வண்டு தான் நேரிற் கண்டதையே கூற வேண்டும்.

மலர்தோறும் சென்று தேனுண்ட வண்டாதலால் அதன் சான்று மதிப்புடையது. அது கேட்போன் விருப்பிற்கேற்ப இசைத்துப் பேசினால் அச்சான்று வீணாகும். படைப்பிலக்கியத்திற்கு இதனினும் செறிவான இலக்கணம் ஒன்றை நான் அறியேன். செயற்கை நுண்ணறிவு இவ்விரு நிலையிலும் தவறுகின்றது. அது எம்மலரையும் கண்டதில்லை. மலரைப் பற்றிப் பிறர் எழுதியவற்றையே கண்டது. மேலும், கேட்போர் விரும்பத்தக்க விடையை அளிக்குமாறே அது பழக்கப்பட்டிருக்கின்றது. முகமன் கூறுதல் அதன் தொழில்முறையிலேயே உள்ளது.

நம் தலைமுறைத் தமிழாசிரியர் திறனாய்வுப் பாடத்தில் பயின்ற நான்கு கூறுகளும் இங்குப் பயன்படும். வின்செஸ்டர் என்னும் அமெரிக்க அறிஞர் வகுத்து, நம் திறனாய்வு நூல்கள் ஏற்றுக்கொண்ட உணர்ச்சி, கற்பனை, கருத்து, வடிவம் என்பன அவை. வடிவத்தில் இயந்திரம் நம்மிற் பலரை வெல்லும் என்பதை ஒப்புக்கொள்வோம். நான் சோதித்தபோது வெண்பாத் தளையில் அது தடுமாறியது. நாளை தடுமாறாது எனவே கொள்வோம். கருத்தையும் அது திரட்டித் தரும். கற்பனை போலத் தோன்றும் சேர்க்கைகளையும் அமைக்கும். ஆயின் உணர்ச்சி? மழைநாளில் பேசாதிருந்த பாட்டியைப் பற்றிய வாக்கியத்தை இயந்திரமும் தற்செயலாக எழுதிவிடக்கூடும். எழுதினாலும், அது கண்டதைக் கூறியது ஆகாது. சான்று கூறுவோன் நிகழ்விடத்தில் இல்லையெனில், அவன் கூற்று உண்மையோடு பொருந்தினும் அது சான்றாகாதன்றோ?

அம்பிகாபதியின் மாற்றப்பட்ட முடிவு

முகமன் கூறும் கலை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அண்மைக் காலத்தில் ஓர் எடுத்துக்காட்டு நேர்ந்தது. 2013ஆம் ஆண்டில் 'ராஞ்சணா' என்னும் இந்தித் திரைப்படம் வெளிவந்தது. தனுஷ் நடித்து, ஆனந்த் எல். ராய் இயக்கிய அப்படம் தமிழில் 'அம்பிகாபதி' என்னும் பெயரைப் பெற்றது. அதன் இறுதியில் காதலன் இறக்கின்றான். 2025 ஆகஸ்டு 1ஆம் நாள் அத்தமிழ்ப் படத்தை மீண்டும் திரையிட்டபோது, உரிமை பெற்ற நிறுவனம் செயற்கை நுண்ணறிவால் முடிவை மாற்றி, காதலன் பிழைத்துக்கொள்வதாகக் காட்டியது. இயக்குநர் எதிர்த்தார், நடிகரும் படத்தின் உயிரே போய்விட்டது என்னும் கருத்துப்பட வருந்தி அறிக்கை விடுத்தார்.

தமிழாசிரியர்க்கு அப்பெயரே ஒரு பாடமாகும். கம்பர் மகன் அம்பிகாபதி பற்றிய செவிவழிக் கதை நாம் அறிந்ததே. 1937இலும் 1957இலும் அது திரைப்படமாகவும் வந்தது. காதற்சுவை கலவாமல் நூறு பாடல் பாடினால் உயிர் பிழைக்கலாம். காப்புச் செய்யுளையும் ஒன்றாக எண்ணிவிட்ட அமராவதி, நூறும் முடிந்ததெனக் கருதி வெளிப்படுகின்றாள். அவளைக் கண்ட அம்பிகாபதியின் வாயில் காதற்பாட்டு எழுகின்றது. ஓர் எண் குறைந்தது, உயிர் போயிற்று.

அவ்வெண்ணிக்கையை யாரேனும் திருத்தியிருந்தால் இருவரும் வாழ்ந்திருப்பர். ஆனால் தமிழ்மக்கள் அக்கதையை இத்துணைக் காலம் சுமந்திருக்க மாட்டார்கள். ஆர்வம் எண்ணிக்கையை முந்தியது என்பதே அக்கதையின் பொருள். பிழை செய்தவர் அப்பிழைக்குத் தம் உயிரையே விலையாகத் தந்தனர். இயந்திரமும் பிழை செய்கின்றது, எண்ணுவதிலும் தவறுகின்றது. ஆனால் அப்பிழைக்கு அது எந்த விலையும் தருவதில்லை. வேண்டுவோர்க்கு வேண்டிய முடிவைத் தந்துவிட்டு அடுத்த வேலைக்குச் செல்கின்றது.

பாயிரம் கேட்கும் வினாக்கள்

நன்னூலார் சிறப்புப் பாயிரத்திற்கு வகுத்த இலக்கணத்தை மாணவர் மனப்பாடம் செய்கின்றனர். அதன் கூர்மையை நாம் போதிய அளவு உணர்த்துவதில்லை. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்னும் எட்டோடு காலம், களம், காரணம் ஆகியவற்றையும் சேர்த்துப் பதினொன்றாகக் கொள்வர். இவற்றுள் முதலில் நிற்பது ஆக்கியோன் பெயர். அடுத்தது வழி, அஃதாவது இந்நூல் எதன் வழிவந்தது என்னும் கணக்கு. களம் என்பது நூல் அரங்கேறிய அவை.

இம்மூன்றையும் இயந்திர எழுத்திடம் கேட்டுப் பார்ப்போம். ஆக்கியோன் யார்? கட்டளை தட்டச்சு செய்தவரா, பொறியை அமைத்தவரா, பொறி படித்த நூல்களின் ஆசிரியர்களா? வழி எது? நம் மரபில் பிறர் நூலைத் தழுவுதல் இழுக்கன்று. வழிநூல் என்றும் சார்பு நூல் என்றும் அதற்குப் பெயரிட்டு இடமளித்தோம். மொழிபெயர்ப்பையும் வழிநூலுள் அடக்கினோம். வேண்டியது ஒன்றே: இன்னதன் வழி வந்தேன் என ஒப்புதல். கம்பரும் வான்மீகியின் வழி வந்ததை மறைத்தாரல்லர்.

இயந்திரம் இவ்வொப்புதலைத் தருவதில்லை. அதனால் விளைந்த வழக்குகள் நீதிமன்றம் ஏறியுள்ளன. அந்திரோப்பிக் என்னும் அமெரிக்க நிறுவனம், திருட்டுத் தளங்களிலிருந்து நூல்களைப் பதிவிறக்கி வைத்திருந்தது பற்றி எழுத்தாளர்கள் தொடுத்த வழக்கில், 2025ஆம் ஆண்டில் 150 கோடி டாலர் வழங்க உடன்பட்டது. ஏறத்தாழ 5 இலட்சம் நூல்கள். நூலொன்றுக்கு ஏறத்தாழ 3,000 டாலர். விலைகொடுத்து வாங்கிய நூல்களால் பொறியைப் பயிற்றுவது சட்டத்திற்கு உட்பட்டதே என அவ்வழக்கின் நீதிபதி முன்னரே கூறியிருந்தார் என்பதையும் நடுநிலையோடு குறிப்பிட வேண்டும். சட்டம் பொருளின் உரிமையைத் தீர்த்துவைக்கலாம். வழியை மறைத்த எழுத்துக்கு இலக்கிய அவையில் என்ன மதிப்பு என்பதை நாமே தீர்க்க வேண்டும்.

மூன்றாவது களம். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியதெனப் பனம்பாரனார் பாயிரம் கூறுகின்றது. அரங்கேற்றம் என்பது மாலையும் பொன்னாடையும் சூட்டும் விழாவன்று. கேட்போர் தடை எழுப்ப, நூலாசிரியன் விடையிறுக்கும் களம் அது. எழுதியவன் தன் சொல்லின் அருகில் வந்து நிற்க வேண்டும் என்பதே அம்மரபின் உயிர்.

இரட்டைப் புலவர் வழக்கு

இதற்கு மறுப்பாக அன்பர் சிலர் கூறுவனவற்றையும் கேட்போம். ஓலையிலிருந்து தாளுக்கும், தாளிலிருந்து தட்டச்சுக்கும், தட்டச்சிலிருந்து கணினிக்கும் மாறினோம். ஒவ்வொரு மாற்றத்தையும் சிலர் எதிர்த்தனர். இலக்கியம் அழியவில்லை என்பது அவர் வாதம். தனித்து எழுதுவதே படைப்பு என்பதும் நம் மரபன்று என்பர். அதற்குச் சான்றாக இரட்டைப் புலவரைக் காட்டுவர். இளஞ்சூரியர், முதுசூரியர் ஆகிய இருவருள் ஒருவர் கண்ணிலார், மற்றவர் காலிலார். ஒருவர் பாதிப் பாட்டைத் தொடங்க மற்றவர் முடிப்பார். தில்லைக் கலம்பகம் அவ்வாறு பாடிய புலவரின் கொடை. ஒருவர் குறையை மற்றவர் நிறைத்தல் இழுக்கன்று எனில், என் குறையை இயந்திரம் நிறைத்தல் எங்ஙனம் இழுக்காகும்?

வலிய வாதம்தான். கண்பார்வை இழந்தோர்க்கும், தமிழை எழுதப் பயிலும் வாய்ப்பின்றித் தமிழுணர்வு மட்டும் உடையோர்க்கும் இக்கருவி துணைக்கோலாக விளங்குவதை நானே கண்டிருக்கின்றேன்; அதனைப் பழிப்பது அறமாகாது. ஆனால் இரட்டைப் புலவர் வரலாறு வேறொன்றையும் கூறுகின்றது. இருவரும் ஒருங்கே ஊர் ஊராய் அலைந்தனர், ஒருங்கே பசித்தனர், ஒருங்கே அவையில் நின்றனர். பாட்டின் எப்பாதியைப் பற்றிக் கேட்டாலும் விடை சொல்ல ஒருவர் இருந்தார். இயந்திரத்தோடு கூட்டுச் சேர்ந்தவன் அவையில் தனியே நிற்கின்றான். பாட்டின் முழுமைக்கும் அவனே விடையிறுக்க வேண்டும். அவனால் அது முடியுமாயின், அவன் கருவியைக் கையாண்டான் எனலாம். முடியாதாயின், கருவி அவன் பெயரைக் கையாண்டது எனலே பொருந்தும்.

இவ்வளவுகோலால் சப்பானிய எழுத்தாளர் ரியே குடானின் செயலை அளக்கலாம். 2024 சனவரியில் அவர் நாவல் அந்நாட்டின் புகழ்பெற்ற அகுத்தகாவா பரிசைப் பெற்றது. நூலில் ஏறத்தாழ 5 விழுக்காடு சாட்ஜிபிடி எழுதிய சொற்களே என அவர் தாமே வெளிப்படக் கூறினார். கதையில் வரும் ஒரு செயற்கை நுண்ணறிவு விடை பகரும் இடங்களில் அவற்றைப் பயன்படுத்தியதாகப் பின்னர் விளக்கினார். அது சரியா, தவறா எனச் சப்பானியர் வாதிட்டனர். ஆயினும் அவர் தருமியைப் போல் ஓடவில்லை. எது தம்முடையது, எது அன்று, அதனை ஏன் அங்கு வைத்தேன் என்று அவையில் நின்று கூறினார். வாதிடத்தக்க படைப்பாளர் அவர். மறைப்பவரோ வாதத்திற்கே இடம் தராதவர்.

நம் பங்கு

இவ்வளவும் கூறிய நான், இனி என் குற்றத்தையும் கூறாது விடுதல் முறையன்று. தலைகுனிந்து நின்ற அம்மாணவருக்கு உச்சி வெயிற் பாட்டியை முதலில் கற்பித்தது இயந்திரமா?

2021ஆம் ஆண்டில் யுபிஎஸ்ஆர் தேர்வு நீக்கப்படும்வரை, நம் பள்ளிகளில் மாதிரிக் கட்டுரை நூல்கள் எத்துணைச் செல்வாக்குடன் திகழ்ந்தன என்பதை ஆசிரியர் அனைவரும் அறிவர். அத்தகைய நூலொன்றுக்கு நானும் கட்டுரைகள் எழுதிக் கொடுத்தேன். அவற்றுள் ஒன்று 'என் பாட்டி'. நரைத்த கூந்தலும் நெற்றியில் திருநீறும், இரவில் நீதிக்கதைகளும் உடைய ஒரு பாட்டியை அதில் படைத்தேன். அடுத்த சில ஆண்டுகளில் பயிற்சித் தாள்களைத் திருத்தும்போது அப்பாட்டி மீண்டும் மீண்டும் என் முன் வந்தாள். ஒரே வகுப்பில் முப்பது மாணவர்க்கும் அவளே பாட்டி. மரம் சீவிய பாட்டிமார், சமையற்கூடத்தில் பாத்திரம் கழுவிய பாட்டிமார், கணவனை இழந்து பிள்ளைகளைக் காத்த பாட்டிமார் அனைவரும் வீட்டில் இருந்தனர். என் தாளில் ஏறவில்லை. நான் அதற்கு மதிப்பெண்ணும் வழங்கினேன்.

எந்தச் சொல் வரத்தக்கதோ அந்தச் சொல்லை இடுக. எந்த உவமை பாராட்டுப் பெறுமோ அந்த உவமையைச் சேர்க்க எனப் பல ஆண்டுகள் பயிற்றியவர்கள் நாமே. இயந்திரம் இன்று விரைவாகச் செய்வதை நாம் மெதுவாகச் செய்தோம். நம் பிள்ளைகள் கைப்பேசியை நாடியபோது, நாம் காட்டிய வழியில்தான் நடந்தனர்.

இதற்கு நேர்மாறான முயற்சியும் இந்நாட்டில் இருந்தது. 1950ஆம் ஆண்டளவில் 'தமிழ் நேசன்' நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு நடத்தினர். எழுத விழைந்தோர்க்கு நாளிதழ் வழியே பாடம் நடத்திப் பயிற்சி தந்து, வந்த கதைகளை ஆராய்ந்து தரம் கூறினர். இந்நாட்டுத் தமிழ்ச் சிறுகதை வளர அது பெருந்துணை புரிந்தது என்பது வரலாறு. மாதிரிக் கட்டுரை எழுதியதை ஒப்பிக்கச் செய்தது. கதை வகுப்போ எழுதப் பழக்கி, எழுதியதைத் தேர்ந்து கூறியது. அந்நாளிதழ் 2019ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. அவ்வகுப்பின் நெறி நிற்க வேண்டியதில்லை.

செய்யத்தக்கன

முதலாவது, நம் போட்டிகளுக்கு அரங்கேற்றத்தை மீட்டுத் தர வேண்டும். இறுதித் தேர்வுக்கு வந்த படைப்பாளரை நடுவர் முன் கால்மணி நேரம் அமரச் செய்து, படைப்பைப் பற்றி உரையாடலாம். இயந்திர எழுத்தைக் கண்டுபிடிப்பதாகக் கூறும் மென்பொருள்கள் தவறிழைக்கின்றன. நேர்மையான மாணவரையும் குற்றவாளி ஆக்குகின்றன. அதங்கோட்டாசானின் முறை அவற்றினும் நம்பத்தக்கது. தன் கதையைத் தானே எழுதியவர், அதில் எழுதாது விட்டதைப் பற்றியும் பேச வல்லவராய் இருப்பார்.

இரண்டாவது, கருவியின் துணை பெற்றவர் அதனை முன்னுரையில் கூறும் வழக்கத்தைச் சங்க வெளியீடுகளில் நிறுவலாம். எழுத்துப் பிழை திருத்தவோ, செய்தி தேடவோ, வாக்கியம் அமைக்கவோ எதற்குப் பயன்பட்டது எனப் பாயிர மரபுப்படி வழி கூறினால் போதும். கூறுவோரை இழிவுபடுத்தாதிருத்தல் நம் கடமை. இழிவுபடுத்தினால் எல்லோரும் மறைப்பர்.

மூன்றாவது, வகுப்பறையில் இயந்திரம் எழுதிய தோட்டக் கதையொன்றை மாணவர் கையில் கொடுத்து, அதன் பொருட்குற்றங்களைக் காணச் செய்யலாம். அதற்கு அவர்கள் தம் வீட்டு முதியோரிடம் சென்று கேட்டாக வேண்டும். தீம்பார் எது, ஆயக்கொட்டகையில் பிள்ளைகளை யார் பார்த்துக்கொண்டார், மழைநாளில் அடுப்பில் என்ன இருந்தது என்பனவற்றை அறிந்து வர வேண்டும். தோட்டத் தமிழ்ச் சொற்களுள் அச்சேறியவை சில; இணையம் ஏறியவை அவற்றினும் சில. ஆதலின் இயந்திரம் அவற்றில் தடுமாறும், மாணவர் வெல்வர். தருமியராய் நிற்கப் பழகியவரை நக்கீரராக்க இதனினும் எளிய வழி இல்லை.

சித்தியவானைச் சுற்றிப் பால்மரங்கள் நின்ற நிலங்களில் பெரும்பகுதி இன்று செம்பனை ஆகிவிட்டது. லயங்கள் இடிந்தன. மரம் சீவிய தலைமுறையினர் ஒருவர்பின் ஒருவராய் மறைந்து வருகின்றனர். அவர்கள் கண்டதை அவர்களோ, அவர்களிடம் கேட்டவர்களோ கூறாவிடில், கோடிட்ட இடத்தை இயந்திரம் நிரப்பிவிடும். உச்சி வெயிலில் மரம் சீவிய பாட்டியே வரலாறாகிவிடுவாள். அதனை மறுக்க அன்று எவரும் இருக்க மாட்டார்.

தருமிக்கு நல்லூழ் இருந்தது. அவன் பாட்டை எழுதியவன் அவனுக்காக அவைக்கு வந்தான். இயந்திரம் எவர்க்காகவும் அவைக்கு வராது. அம்மாணவருக்கு அவ்வாண்டு பரிசு கிடைக்கவில்லை. மழைநாளில் பேசாத பாட்டியைப் பற்றி ஒன்றரைப் பக்கக் கதையை அடுத்த ஆண்டு தம் கையால் எழுதிக் கொண்டுவந்தார். மூன்று ஒற்றுப் பிழைகள் இருந்தன. ஒவ்வொரு வரியைப் பற்றியும் நான் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் அவரிடம் விடை இருந்தது.